உள்ளான்கள் கிளம்பும் மாதம்

நாரணாபுரத்து இருளம்மாளுக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் ஒரு பறவையை நின்று பார்க்க நேரம் கிடைத்தது. அதுவரை பறவைகள் இல்லாமல் இல்லை. பட்டாசுக் கம்பெனி வேலியோரக் கருவேலத்தில் தவிட்டுக்குருவிகள் நாள் முழுக்கச் சண்டை போட்டன. மழை பெய்த வருஷங்களில் பாசிப்பயறுக் காட்டுக்கு மயில்கள் இறங்கின. ஆனால் பார்க்க வேண்டிய கண் எப்போதும் கைவேலையில் கிடந்தது. பத்தொன்பது வயதில் கல்யாணமாகி வந்த மறுமாதம் சரவெடி பின்ன உட்கார்ந்தவள் அவள். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே திரி ஒரு நூலளவு பிசகினாலும் அவள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். போர்மேனே சந்தேகம் வந்தால் சரத்தை அவளிடம்தான் நீட்டுவார்.

ஒரு புரட்டாசி மாதத்துப் பகலில் இரண்டு ஷெட் தள்ளி வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் வெடித்தது. அவளுடைய ஷெட்டின் சுவர் நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காலையில் அவளோடு ஒரே வேனில் வந்த இரண்டு பேர் திரும்பவில்லை. இருளம்மாளுக்கு இடது காது முழுவதும் போயிற்று. வலது காதில் பாதி மிச்சமிருந்தது. அந்தப் பாதியிலும் ஓயாத ஒரு சீழ்க்கை உள்ளேயே குடிவந்து உட்கார்ந்துகொண்டது. மதுரையில் பார்த்த டாக்டர், "பழகிரும்மா" என்று தாளில் எழுதிக் காட்டினார்.

அவள் புருஷன் சங்கிலிமுத்து பட்டாசு லோடு ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டினான். இயல்பிலேயே மெதுவாகப் பேசுகிறவன். இப்போது அரிசி தீர்ந்துபோனதைக்கூட அவள் வலது காதோரம் வந்து கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. கத்தினால் தெரு திரும்பிப் பார்த்தது. கூச்சப்பட்டுக் கையால் பேசத் தொடங்கினான். கொஞ்ச நாளில் கைப்பேச்சும் குறைந்தது. சாப்பாடு வைப்பாள், சாப்பிடுவான். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவரவர் பக்கம் படுத்துக்கொள்வார்கள். சண்டை எதுவும் இல்லை. பேச்சு மட்டும் வீட்டைவிட்டுப் போயிருந்தது.

கம்பெனிக்குச் சீல் வைத்துவிட்டதால் வேலை இல்லை. மாசி பிறந்ததும் வைப்பாற்றுப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த சித்தி மகள் சொல்லி அனுப்பினாள். உப்பளத்தில் ஆள் தேவைப்படுகிறது, இரண்டு மாதம் வந்து இருந்துவிட்டுப் போகலாம் என்று. இருளம்மாள் இரண்டு சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாத்தூரில் பஸ் மாறிப் போனாள்.

சாத்தூர் பாலத்தின் மேலிருந்து பார்த்தால் வைப்பாறு வெறும் மணல். அதே ஆறு கடலைத் தொடுகிற இடத்தில் மெல்லிய தண்ணீராக விரிந்து கிடந்தது. அதற்கு இந்தப்பக்கம் பாத்தி பாத்தியாக உப்பளம். விடியும்போது பாத்தித் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாக இருந்தன. எங்கே தரை முடிகிறது என்று தெரியாமல் வரப்பில் நடந்துபோகிறவர்கள் ஆகாயத்தில் நடப்பதுபோல் தெரிந்தார்கள். தூரத்து உப்பு அம்பாரங்கள் மிதந்தன. முதல் நாள் அவள் அங்கே நின்றபோது, காதுக்குள்ளிருந்த சீழ்க்கையைக் காணோம். கடல்காற்றின் இரைச்சல் அதன்மேல் ஒரு போர்வைபோல் விழுந்து மூடியிருந்தது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக அவளுக்குள் அமைதியாக இருந்தது.

அந்த அமைதிக்குள்தான் அவள் அவற்றைப் பார்த்தாள். கைக்குள் அடங்குகிற சாம்பல் நிறக் குருவிகள். பாத்தியோரச் சேற்றில் ஆயிரக்கணக்கில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தன. திரியைச் செருகிச் செருகி எடுக்கிற விரல்களைப்போல அவற்றின் அலகுகள் ஓய்வில்லாமல் இறங்கி ஏறின. திடீரென்று அத்தனையும் ஒன்றாக எழும்பும். ஒருபக்கம் திரும்பினால் வெள்ளை, மறுபக்கம் திரும்பினால் ஒன்றுமே இல்லாததுபோல் மறைந்துவிடும். மறுபடி வெள்ளை. அவளுக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. தூக்கத்தில் காண்பதுபோல் இருந்தது.

"இது என்ன குருவி?" என்று சித்தி மகளிடம் கேட்டாள்.

"உள்ளான்க்கா. மழைக்கு வரும், வெயிலுக்குப் போயிரும்" என்று அவள் காதருகே கத்தினாள். அதற்குமேல் அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பங்குனி நடுவில் இருளம்மாளின் கண் ஒன்றைக் கண்டுபிடித்தது. கூட்டத்தில் சில உள்ளான்களின் நெஞ்சில் துருபோல ஒரு கறை. நான்கு நாள் கழித்துக் கறை வயிற்றுக்கு இறங்கியிருந்தது. அடுத்த வாரம் பாதிக் கூட்டம் செங்கல் நிறத்தில் நின்றது. மருந்து ரூமில் வேலை செய்கிறவர்களின் கையில் வெள்ளிப்பொடி ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாமல் இருப்பதை அவள் வருஷக்கணக்காகப் பார்த்தவள். எவனோ தண்ணீரில் எதையோ கலந்துவிட்டான் என்று நினைத்தாள். அதைச் சொன்னபோது உடன் வேலை செய்தவர்கள் சிரித்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வரப்பில் முக்காலிபோல் ஒன்றை நட்டு, அதன்மேல் குழாய் வைத்துப் பார்த்துக்கொண்டு ஒரு அம்மாள் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் சேலை, ஆம்பளைத் தொப்பி, கால் முழுக்கச் சேறு. இருளம்மாள் உப்பு வாரும் பலகையைப் போட்டுவிட்டு நேரே அவரிடம் போனாள்.

"ஏம்மா, இந்தக் குருவிகளுக்கு என்னமோ நோவு வந்துருக்கு. மேலெல்லாம் கறை ஏறுது. யாருகிட்டயாச்சும் சொல்லி வையுங்க."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஏதோ சொன்னார். இருளம்மாள் வலது காதைத் தொட்டுக் காட்டியதும் கிட்ட வந்து சத்தமாகச் சொன்னார்.

"நோவு இல்லம்மா. ஊருக்குக் கெளம்புதுக. அங்கன போயித்தான் சோடி சேந்து குஞ்சு பொரிக்கும். இது கல்யாண உடுப்பு."

"எந்த ஊருக்கு?"

"ரஷ்யாவுக்கு வடகோடி. பனிக்கட்டி ஊரு. இங்கன பாருங்க."

இருளம்மாள் குழாயில் கண் வைத்தாள். ஒரு உள்ளான் அவள் முகத்துக்கு நேராக நின்றது. செங்கல் நிறத்துக்குள்ளே ஒவ்வொரு இறகுக்கும் வெள்ளைக் கரை போட்டிருந்தது. கண்ணைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். கீழ்நோக்கி லேசாக வளைந்த கறுத்த அலகின் நுனியில் ஒரு சொட்டுச் சேறு. அவள் மூச்சு விடாமல் பார்த்தாள். பின்னால் யாரோ கூப்பிட்டு வேலையை நினைவுபடுத்தும்வரை நிமிரவில்லை.

அந்த அம்மாளின் பெயர் யோகேஸ்வரி. சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் பிரஸ் அவர்கள் குடும்பத்துக்கு இருந்தது. ஆர்டர் பிடிப்பதும் அச்சுப் பார்ப்பதுமாக வாரம் போக, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு தனியாக இங்கே வந்துவிடுவார். இருளம்மாள் நாரணாபுரம் என்று தெரிந்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "எங்க பிரஸ்லருந்து நடந்து வந்துரலாமே! இம்புட்டுத் தூரம் வந்தா பாத்துக்கணும்?" என்றார்.

கம்பெனி ஆடியில் திறந்தது. இருளம்மாள் மறுபடி சரம் பின்ன உட்கார்ந்தாள். ஆனால் அடுத்த மாசியிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைதோறும் விடிவதற்கு முன்னால் நாரணாபுரம் பஸ் ஸ்டாப்பில் யோகேஸ்வரியின் கார் வந்து நிற்கும். தெருவில் பேசினார்கள். "குருவி பாக்கப் போறாளாம், குருவி! தீவாளி ஆர்டர் தலைக்கு மேல கெடக்கு" என்று ஷெட்டில் பக்கத்தில் உட்காரும் மாரிசெல்வி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். இருளம்மாளுக்கு மட்டும் கேட்கவில்லை. சங்கிலிமுத்து தடுக்கவில்லை. ஞாயிறு காலையில் அவனே எழுந்து டீ போட்டு வைக்கத் தொடங்கினான், அவ்வளவுதான்.

முதலில் யோகேஸ்வரியை அவள் "அம்மா" என்றுதான் கூப்பிட்டாள். இரண்டாவது வருஷம் அது "அக்கா" ஆயிற்று. மூன்றாவது வருஷம் ஒருநாள் குழாயில் கண் வைத்திருந்தவள் கையை மட்டும் நீட்டி அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, இதுக்குக் கால்ல ஒரு துண்டு ஒட்டிருக்காக. இங்கிலீசு எழுத்து இருக்கு."

எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் பெட்டிகளில் அடித்திருக்கும் பேட்ச் எழுத்துகளை இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தாள். பறவை நடக்கும், திரும்பும், ஒற்றைக்காலில் நிற்கும். அரை மணி நேரம் விடாமல் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். யோகேஸ்வரிக்கு அங்கே ஒரு வெளிறிய புள்ளிக்குமேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அவள் சொன்னதை அப்படியே எழுதி, பறவைகளுக்கு அடையாள வளையம் போடுகிறவர்களுக்கு அனுப்பினார். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. அந்த உள்ளானுக்குப் பதினோரு வருஷத்துக்கு முன்னால் காலில் துண்டு மாட்டியிருக்கிறார்கள். அப்போதே அது வளர்ந்த பறவை. அறுபது கிராம் எடை.

இருளம்மாள் அன்று ஷெட்டில் சின்னக் கம்பி மத்தாப்புப் பெட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஏறக்குறைய இவ்வளவுதான். இவ்வளவு உடம்பை அந்த உள்ளான் பனிக்கட்டி ஊருக்கும் வைப்பாற்றுக்கும் பதினோரு தடவை எடுத்துக்கொண்டு போய்வந்திருக்கிறது. வெடி நடந்த வருஷமும் அது வந்திருக்கும், போயிருக்கும். போர்மேன் அதட்டும்வரை பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை பாக்கி இருந்தது. கூட்டம் கிளம்புவதை அவள் பார்த்ததில்லை. ஒரு ஞாயிறு இருக்கும், மறு ஞாயிறு சேறு வெறுமையாகக் கிடக்கும். "சாயங்காலம் வெளிச்சம் எறங்கையிலதான் கெளம்பும். அது எந்த நாளுன்னு அதுகளுக்குத்தான் தெரியும்" என்று அக்கா சொல்லியிருந்தார்.

நான்காவது வருஷம் சித்திரையில், ஒரு புதன்கிழமை மதியம் ஷெட் வாசலில் சங்கிலிமுத்து நின்றான். வேலை நேரத்தில் அவன் அப்படி வந்ததே இல்லை. அவள் பதறி எழுந்து ஓடினாள். அவன் தன் போனை நீட்டினான். கல்யாணம் ஒன்றுக்குச் சென்னை போயிருந்த யோகேஸ்வரி அனுப்பிய செய்தி: உப்பளத்துக்காரர் கூப்பிட்டார். கூட்டம் காலையிலிருந்து நிலைகொள்ளாமல் எழும்பி எழும்பி இறங்குகிறதாம். தெற்குக் காற்று. இன்றைக்கோ நாளைக்கோ போய்விடும். என்னால் வரமுடியாது, இருளம்மாளிடம் சொல்லுங்கள்.

அவள் படித்துவிட்டு அவனைப் பார்த்தாள். அவன் வண்டிச் சாவியைக் காட்டினான். குட்டியானை காலியாக நின்றது.

வண்டி விளாத்திகுளம் தாண்டியது. கரிசல்காடு வெயிலில் நடுங்கிக்கொண்டே பின்னால் போனது. வண்டியை வரப்போரம் நிறுத்தியபோது சூரியன் பனைகளின் தலையில் இருந்தது. தண்ணீர் முழுக்கச் செம்பு நிறம். அதில் செங்கல் நிறப் பறவைகள். எது தண்ணீர், எது பறவை என்று சங்கிலிமுத்துவுக்குத் தெரியவில்லை. அவள் அவன் முகவாயைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

இருவரும் மணலில் உட்கார்ந்தார்கள். ஒரு சிறு கூட்டம் எழும்பியது, சுற்றியது, இறங்கியது. மறுபடி எழும்பியது. மூன்றாம் முறை எழும்பியபோது கீழே இருந்தவையும் சேர்ந்துகொண்டன. இந்தமுறை இறங்கவில்லை. மேலே, மேலே போயின. ஒரு நீண்ட கோடு உண்டாகி, நெளிந்து, நேராகி, வடக்கே தலையை வைத்தது. பின்னால் இன்னொரு கோடு. அதற்குப் பின்னால் இன்னொன்று.

"ஏங்க" என்றாள் இருளம்மாள், வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "சத்தம் போடுதுகளா?"

அவன் தலையாட்டினான்.

"எப்பிடிங்க?"

சங்கிலிமுத்து யோசித்தான். நகர்ந்து அவள் வலப்பக்கம் வந்து உட்கார்ந்து, காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டான். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. வேண்டிய மட்டும் சத்தமாகப் பேசலாம்.

"சிர்ரூ, சிர்ரூங்குது. ஈரத் தரையில புதுச் செருப்பு போட்டு நடந்தா கேக்குமே, அது மாதிரி."

அவள் சிரித்தாள். "செருப்பா?"

"இரு. இல்ல, அது சரியில்ல." அவன் கண்ணை மூடிக் கேட்டான். "ஒண்ணு கூப்பிடுது. இன்னொண்ணு பதில் சொல்லுது. அப்புறம் அம்புட்டும் சேந்து பேசுது. கல்யாணத்துக்கு வேன்ல போறப்ப பொம்பளைக பேசிட்டே போவீகளே புள்ள, அப்பிடித்தான். ஒருத்தி சொல்றது ஒருத்திக்கு விட்டுறாம."

"இப்பவும் பேசுதா?"

"பேசுது. சத்தம் கொறையுது. தூரமாப் போயிருச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப இல்ல" என்றான்.

அவர்கள் அங்கேயே இருந்தார்கள். அவன் பேசிக்கொண்டே இருந்தான். நான்கு வருஷத்தில் சொல்லாமல் விட்டதெல்லாம் வந்தது. அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாசலில் உட்கார்ந்து அழுதது, அவள் தன்னை இனிமேல் கூப்பிடாமலே இருந்துவிடுவாளோ என்று பயந்தது, ஞாயிறு காலையில் கார் போனபின் தெருமுனை வரை வந்து நின்று பார்ப்பது. அவள் பாதியைக் கேட்டாள், மீதியை உதட்டில் பார்த்தாள். திரும்பும்போது சாத்தூரில் புரோட்டா சாப்பிட்டார்கள். "எப்ப வருமாம் திரும்பி?" என்று கடை முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி அவன் கேட்டான். "ஆவணிக்குள்ள" என்று அவளும் அதே சத்தத்தில் சொன்னாள்.

சொல்லாமல் போனதற்குப் போர்மேன் மறுநாள் திட்டித் தீர்த்தார். அவர் பாதி திட்டியபோது மாரிசெல்வி குறுக்கே புகுந்து, "போயி என்னக்கா பாத்தீக, அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். சாப்பாட்டு நேரம் முழுக்க இருளம்மாள் சொன்னாள்.

இந்த வருஷம் பங்குனியில் குட்டியானையின் பின்பக்கம் பாய் விரித்து, ஷெட்டிலிருந்து ஐந்து பெண்கள் புளியோதரை தூக்குகளோடு ஏறினார்கள். அதில் மூன்று பேர் கடலையே பார்த்ததில்லை. வரப்பில் யோகேஸ்வரி குழாயை நிறுத்தி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். முதலில் பார்த்தவள் மாரிசெல்வி. பின்னால் நின்றவர்கள் அவள் தோளைத் தட்டினார்கள், இடுப்பைக் கிள்ளினார்கள்.

"இருங்கடி" என்றாள் மாரிசெல்வி, கண்ணை எடுக்காமல். "தூங்கிட்டு இருக்கு. ஒத்தக் கால்ல நின்னு தூங்குது."