கையுறை போட்ட ஐந்து மாதங்கள்

கஜந்தி பனிமலையில் இருந்த ஐந்து மாதத்தில் நான் அவளுக்குப் பதினேழு தடவை போன் எடுத்திருக்கிறேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். பதினாறு தடவை என் சொந்த அலுவலுக்கு. பதினேழாவது அவளுடைய தாய்க்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

கஜந்திக்கு முப்பத்தைந்து வயது. ஜேர்மனியில் ஹம் நகரத்திலேயே பிறந்தவள், ஹம்மிலிருந்து ஓடுகிற பிராந்திய ரயில்களின் சாரதி. எங்கள் வீட்டுக்கு மேல்வீட்டில் தாய் யோகத்தோடு இருக்கிறாள். தகப்பன் கணேசலிங்கம் என் கூட்டாளி. கம்பித் தொழிற்சாலையில் இருவரும் ஒரே ஷிப்டில் வேலை செய்தோம். எட்டு வருஷத்துக்கு முன் ஈரலில் புற்றுநோய் வந்து போய்விட்டார்.

இந்தப் பிள்ளையின் உத்தியோகம் ரயில் ஓட்டுவது என்று சம்பளப் பத்திரத்தில் இருக்கும். உண்மையான உத்தியோகம் ஒன்பது வயதிலேயே தொடங்கிவிட்டது. வைத்தியரின் மேசைக்கு மேலால் தலை மட்டும் தெரிய நின்று, தகப்பனுடைய மூலவியாதியை ஜேர்மன் பாஷையான டொச்சில் விளக்கியவள் அவள். எங்கள் கட்டிடத்தில் நாலு தமிழ்க் குடும்பம். நாலுக்கும் வைத்தியரைச் சந்திக்க டெர்மின் எடுப்பது, சலுகைகளுக்கு அன்ட்ராக் எழுதி விண்ணப்பிப்பது, கந்தோரிலிருந்து வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது எல்லாம் அவள்தான். நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம். டொச் தெரியாதா என்று கேட்டால், தெரியும். மெஷினோடு கோபிக்கிற அளவு தெரியும். அதற்கு மேல் கற்றுக்கொள்ளாததற்குக் காரணம் என்ன என்று இப்போது யோசித்தால், மேல்வீட்டில் கஜந்தி இருந்ததுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாரி காலத்தில் வேலைத்தல ஆட்களோடு விண்டர்பெர்க் போனாள். அங்கே யாரோ அவளைப் பனிப்பலகையில் ஏற்றிவிட்டார்களாம். இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிக்கொண்டு பக்கவாட்டில் சறுக்குகிற விளையாட்டு அது. திரும்பி வந்த அன்று படிக்கட்டில் கண்டேன். குண்டி நோவில் நொண்டிக்கொண்டு ஏறினாள். முகத்திலோ அப்படி ஒரு சிரிப்பு.

"அப்பிடி என்ன பிள்ளை அதிலை இருக்கு?" என்று கேட்டேன்.

"கையுறை போட்டா போன் எடுக்கேலாது மாமா. அதுதான் எனக்கு முதல்ல பிடிச்சது" என்றாள்.

பகிடி விடுகிறாள் என்று நானும் சிரித்தேன். அந்தக் கையோடு என் ஓய்வூதியக் கடிதத்தையும் நீட்டினேன்.

போன கார்த்திகையில், சேர்த்து வைத்த லீவையெல்லாம் ஒன்றாக எடுத்து, ஐந்து மாதத்துக்குப் புறப்பட்டாள். ஓபர்ஸ்டோர்ஃபுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. ஒஸ்ரியாவுக்குச் சொந்தமானது, ஆனால் வாகனத்தில் போவதென்றால் ஜேர்மனிக்குள்ளால்தான் போகவேண்டும். அங்கே ஒரு விடுதியில் காலையில் உணவு பரிமாறி அறை துப்புரவாக்குகிற வேலை, மத்தியானத்துக்குப் பிறகு மலை. தனியாக. கோயிலில் பூசை முடிவதற்குள் இது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணம் கட்டுகிற வயதும் தாண்டி இப்படிக் கூத்தாடப் போகிறாளே என்று பெண்கள் பேசினார்கள். ஆண்கள் தங்கள் அன்ட்ராக்குகளை நினைத்துக் கவலைப்பட்டார்கள். நான் இரண்டையும் செய்தேன். யோகம் மட்டும் ஒரு கிலோ மிளகாய்த்தூளைப் பொதிசெய்து கொடுத்து, "போட்டு வா" என்றார்.

முதல் மூன்று கிழமையும் அழுதாளாம். ஏப்ரலில் என் வீட்டுக் குசினியில் இருந்துகொண்டு அவளே சொன்னாள். மாடத்து அறை, முட்டைப் பொரியலுக்கு மேலே மிளகாய்த்தூள், கதைக்க ஆளில்லை. கதிரையில் இருத்தி மலைக்கு ஏற்றிப்போகிற லிஃப்டிலிருந்து இறங்கத் தெரியாமல் விழுந்து, லிஃப்டையே நிற்பாட்ட வைத்தாள். ஐந்து வயதுப் பிள்ளைகள் அவளைச் சுற்றிக்கொண்டு வழுக்கிப் போயின. "ஊரிலை எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்ச ஆள் நான். அங்கை ஒண்டும் தெரியாத ஆள். முதல்ல வெக்கமா இருந்துது மாமா. பிறகு பாத்தா, என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. அந்தச் சுகம் சொல்லி விளங்காது."

ஒருத்தரும் கேட்கவில்லை என்பது முழு உண்மையல்ல. நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மார்கழியில் என் முதுகு நோவுக்கு ஓய்வுச் சிகிச்சை கேட்டு ஒரு படிவம் நிரப்பவேண்டியிருந்தது. நான் போன் எடுத்த நேரம் அவள் லிஃப்டில் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தாள். பல்லால் கையுறையைக் கழற்றி, "எப்பயிருந்து நோ எண்டு கேக்கினம் மாமா, வருஷத்தை மட்டும் எழுதுங்கோ" என்றாள். வாயைத் திறந்ததும் கையுறை கீழே பள்ளத்துக்குள் போய்விட்டது. அதை அவள் அப்போது என்னிடம் சொல்லவில்லை. விறைத்த விரலோடு அன்று இறங்கியிருக்கிறாள். நானோ எட்டாம் கேள்விக்கும் பதில் கேட்டுவிட்டுத்தான் போனை வைத்தேன்.

தை மாதக் கடைசியில் பலகையின் விளிம்பு பனியில் கொளுவி, முன்பக்கம் விழுந்து கையை ஊன்றியதில் மணிக்கட்டு அடிபட்டது. பள்ளத்தாக்கில் ஒரு சின்ன வைத்தியசாலை. எக்ஸ்றே எடுத்தார்கள். வைத்தியரும் தாதியும் படத்தைப் பார்த்துத் தங்கள் மலைப் பாஷையில் நீளமாகக் கதைத்தார்கள். டொச்சிலேயே வளர்ந்த கஜந்திக்கு அதில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. முடிவில் தாதி திரும்பி நல்ல டொச்சில், "சின்ன வெடிப்புத்தான், பயப்பட ஒன்றுமில்லை" என்றாள்.

வைத்தியர் கதைத்தது இரண்டு நிமிஷம். தாதி சொன்னது ஒரு வரி. மிச்சம் எங்கே? கஜந்திக்குக் கைநோ மறந்துபோயிற்று. அவர் சொன்னது முழுவதையும் சொல்லும்படி கேட்டாள். தாதி சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னாள். நாலு கிழமை கட்டுப்போட வேண்டும். எலும்பு விலகினால் வெட்டித் தகடு வைக்கவேண்டி வரலாம். இந்தப் பருவம் முடிந்தது என்று நினைப்பது நல்லது.

முழுவதும் கேட்டபோது அவளுக்குப் பயம் கூடவில்லை, குறைந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. அது கைக்காக அல்ல.

எட்டு வருஷத்துக்கு முன் இப்படித்தான் தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவே ஒரு கதிரையில் இருந்தாள். வைத்தியர் நிலத்தைப் பார்த்தபடி கனநேரம் கதைத்தார். இனிச் செய்ய ஒன்றுமில்லை, இரண்டு மூன்று மாதம், வீட்டுக்குப் போய் வேண்டியவர்களோடு இருங்கள் என்றார். தகப்பன் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள், "வேற மருந்து தந்து பாக்கப் போகினமாம் அப்பா" என்றாள். பதினொரு கிழமையில் கணேசலிங்கம் போய்விட்டார். நல்லாகிவிடுவார் என்று வீட்டில் நடித்ததால், கடைசியாகச் சொல்லவேண்டிய எதையும் அவளால் தகப்பனுக்குச் சொல்ல முடியவில்லை. இந்தப் பொய்யை அவள் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. தன்னோடு போகட்டும் என்று வைத்திருந்தாள்.

எலும்பு விலகவில்லை. மாசிக் கடைசியில் கட்டை அவிழ்த்தார்கள். விடுதிக்காரி வீட்டுக்குப் போகச் சொல்லியும் போகாமல், ஒற்றைக் கையால் தட்டுத் தூக்கியவள், மறுபடியும் பலகையில் ஏறினாள். இந்த முறை வேறொரு ஆளாகத்தான் ஏறினாளாம். விழப்போகிறேன் என்று தெரிந்தால் கையை ஊன்றாமல் உடம்பைச் சுருட்டிக்கொள்ளப் பழகினாள். உச்சியிலிருந்து கிராமம் வரைக்கும் ஒரு நீளமான சறுக்குப்பாதை இருந்தது. பருவம் முடியுமுன் அதில் ஒரு தடவை தனியாக இறங்கவேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் ஆசை.

அப்போதுதான் என் பதினேழாவது அழைப்பு. பங்குனி தொடக்கத்தில் யோகம் ஒரு கடிதத்தோடு வந்தார். மார்புப் பரிசோதனையில் ஏதோ கண்டு, அதில் கொஞ்சம் ஊசியால் குத்தி எடுத்துச் சோதிக்க அனுப்பியிருந்தார்கள். முடிவு சொல்ல டெர்மின். அவ்வளவும் எங்களுக்குத் தெரியாமலே நடந்திருக்கிறது. "நாளையும் நேரத்தையும் மட்டும் சரிதானோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ அண்ணை. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். ஓம் என்றேன். அவர் படியேறின சத்தம் ஓய்ந்தவுடனே கஜந்திக்குப் போன் எடுத்தேன்.

அவள் அன்றே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டாள். யோகம் கீழே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் மேசையிலேயே இருந்து மகளுக்கு எடுத்தார்.

"நீ வரவேண்டாம்."

மற்றப் பக்கம் அவள் கத்தியது எனக்கே கேட்டது. "உங்களுக்கு டொக்டர்மாரின்ரை டொச் விளங்காது அம்மா!"

"டொச் விளங்காட்டி டொக்டரிட்டத் திருப்பிக் கேக்கலாம். நீ மறைச்சா நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கஜந்திக்கு விளங்கியது. தை மாதத்துக்கு முன் என்றால் சண்டை பிடித்துக்கொண்டு ரயிலேறி வந்திருப்பாள். இப்போது, தாதியின் அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகு, அவளிடம் சண்டை பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. பெட்டியை அவிழ்த்தாள்.

டெர்மின் அன்று யோகத்தோடு நான் போனேன். வைத்தியசாலை நடையில் ஆட்கள் இருக்கப் போட்டிருந்த வாங்கில் வரைக்கும்தான் எனக்கு அனுமதி. அவர் கைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்து, தமிழ் எழுத்தில் எழுதியிருந்ததை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "லங்சாம், பிட்டே. ஆல்லெஸ், பிட்டே." மெதுவாகச் சொல்லுங்கோ, எல்லாத்தையும் சொல்லுங்கோ. நாலு சொல். அதை வைத்துக்கொண்டு உள்ளே போனார். நாற்பது நிமிஷம். நான் இரண்டு தடவை கதவைத் தட்ட எழும்பினேன், இரண்டு தடவையும் வெட்கப்பட்டு இருந்துவிட்டேன்.

வெளியே வந்தவர் நேரே மகளுக்குப் போன் எடுத்தார். அறையில் இருக்கப் பொறுக்காமல் கஜந்தி மலையுச்சிக்குப் போயிருந்தாள். அந்த நீளப் பாதையின் தொடக்கத்தில், கையுறையைக் கழற்றிப் போனை வெறுங்கையில் பிடித்தபடி பனியில் இருந்தாளாம்.

"எல்லாத்தையும் சொல்லட்டே?" என்று யோகம் கேட்டார். "சரி, கேள். கூடாத கட்டிதான். பதினாலு மில்லிமீற்றர். வேற இடத்துக்குப் போகேல்லை எண்டு நினைக்கினம், ஆனா வெட்டிப் பாத்தாத்தான் நிச்சயம். ஏப்ரல் ஒம்பதாந் திகதி ஒப்பரேஷன். பிறகு கதிர் அடிப்பினம். தலைமயிர் கொட்டுமோ எண்டு கேட்டன், கதிருக்குக் கொட்டாதாம்."

குரலை மாற்றாமலே தொடர்ந்தார்.

"அப்பாக்கும் தெரியும் பிள்ளை. அண்டைக்கு வீட்டை வந்தவுடனை சொன்னவர், மருந்து மாத்திறதுக்கு ஒரு டொக்டர் அவ்வளவு நேரம் நிலத்தைப் பாப்பாரோ எண்டு. அவள் சொன்னதை நம்பின மாதிரியே இருப்பம், இல்லாட்டி அது அவளுக்குப் பாரமாப் போயிடும் எண்டார். நான் எட்டு வருஷமா அவர் சொன்னபடிதான் இருந்தனான். இனி ஏலாது."

எனக்கு அந்த வாங்கிலில் இருக்க முடியவில்லை. கணேசலிங்கத்தை ஒவ்வொரு நாளும் பார்க்கப் போனவன் நான். என்னிடமும் அந்தப் புது மருந்தைப் பற்றித்தான் கதைத்தார்.

மலையில் அவள் வாய்விட்டு அழுதிருக்கிறாள். போகிற வருகிறவர்கள் பலகையை நிறுத்தி, விழுந்துவிட்டாயா, உதவி வேண்டுமா என்று கேட்டார்களாம்.

"அழுது முடிச்சிட்டு இறங்கு" என்றார் யோகம். "எனக்கு பஸ் வரப்போகுது."

அவள் இறங்கினாள். ஏழு தடவை விழுந்தாள். ஒரு தடவையும் கையை ஊன்றவில்லை.

ஏப்ரலில் வந்தபோது பனிக்கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளிறி, மிச்ச முகமெல்லாம் கறுத்திருந்தது. யோகம் பார்த்துவிட்டுச் சிரித்தார். ஒப்பரேஷன் அன்று காலை நான்தான் காரில் கூட்டிப்போனேன். வைத்தியர் அறைக்குள் வந்து, வழக்கம்போல மகளைப் பார்த்துத் தொடங்கினார். கஜந்தி கட்டில் பக்கத்திலிருந்து விலகி, மூலையில் கிடந்த கதிரையில் போய் இருந்துகொண்டு, "அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றாள்.

"லங்சாம், பிட்டே" என்றார் யோகம்.

வைத்தியர் கட்டில் ஓரத்தில் இருந்து முதலிலிருந்து சொன்னார். யோகம் ஒவ்வொரு வசனத்துக்கும் தலையாட்டினார். ஓரிடத்தில் மட்டும் நின்று, மகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தச் சொல் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும்தான்.

கஜந்தியின் கைகள் இரண்டும் மடியில் இருந்தன. தாயை நேரே பார்த்தாள்.

"பரவியிருந்தால்" என்று தமிழில் சொன்னாள்.

யோகம் அதைக் கேட்டுக்கொண்டு வைத்தியர் பக்கம் திரும்பி, மேலே சொல்லும்படி தலையசைத்தார்.