பூவாடைக்கு வைக்காத புடவை

நான் பொய் சொன்னேன். இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றி, அவளைப் பெற்றவளிடமே பொய் சொன்னேன்!

உங்களிடம் சொன்னால் பாரம் குறையும் என்று எண்ணி இதைச் சொல்லவில்லை. குறையாது என்று தெரிந்துதான் சொல்கிறேன்...

இரண்டாம் உலக யுத்த காலம். சிதம்பரத்தில் சொந்தமாக வைத்தியசாலை நடத்திவந்தேன். கீரப்பாளையத்திலிருந்து முனியம்மா தன் மகள் அஞ்சலையை மாட்டு வண்டியில் அழைத்துவந்தாள். பதினாறு வயதிருக்கும். தண்ணீர்ச் செம்பை வாய்க்குக் கொண்டுபோனால் கை நடுங்கிப் பாதி மேலே கொட்டியது. கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாக்கும் குழறியது.

"தாய்மாமனுக்குக் கட்டி வக்கிறதா பேசி முடிச்சதுலேர்ந்து இப்பிடித்தான் பண்றா ஐயா" என்றாள் முனியம்மா.

எனக்கு அது போதாதா? பெரிய மேதாவி அல்லவா நான்!

"ஒண்ணுமில்லம்மா. கல்யாணம் வேணாம்னு நடிக்கிறா. கண்டிச்சு வை."

அஞ்சலை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நா வேணும்னு பண்ணலீங்க... கை எம்பேச்சக் கேக்க மாட்டேங்குது."

அப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியைச் சுற்றிப் பாசி படிந்தாற்போலப் பழுப்பும் பச்சையுமாய் ஒரு வளையம். பார்த்தும் விட்டுவிட்டேன்! அவள் அண்ணன் காமாலை கண்டு, வயிறு வீங்கி இறந்ததும் எனக்குத் தெரியும். அவனுக்கு மருந்து கொடுத்தவனே நான்தான். இரண்டையும் சேர்த்து யோசிக்க எனக்கு என்ன கேடு? வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்...

மறுமுறை வந்தபோது அஞ்சலையின் மணிக்கட்டில் நீளமாய் ஒரு சூட்டுப் புண்.

"நீங்க கண்டிக்கச் சொன்னீங்களேன்னு கரண்டிக் காம்ப காயவச்சு இழுத்துட்டேன் ஐயா. அப்பவும் அடங்க மாட்டேங்கிறா."

களிம்பு தடவி அனுப்பினேன்.

கல்யாணம் நின்றது. கைகால்கள் முறுக்கிக்கொண்டு படுக்கையில் விழுந்தாள். கஞ்சியும் தொண்டையில் இறங்காமல் ஒரு மழைக்காலத்தில் இறந்தாள். பிடிவாதக்காரி என்றது ஊர்.

பிறகு ஒரு நாள் கடலூரில், என்னோடு படித்த டாக்டர் நண்பனைப் பார்க்கப் போயிருந்தேன். பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த ஒருவன் அங்கே கை நடுங்க உட்கார்ந்திருந்தான். நண்பன் அவன் கண்ணில் டார்ச் அடித்துக் காட்டினான். அதே வளையம்!

"பரம்பரையா வர்ற வியாதிப்பா. ஈரலும் கெடும், மூளையும் கெடும். கூடப்பொறந்தவங்களுக்கும் வரலாம். மருந்து கெடையாது."

ஆம், மருந்து கிடையாது. ஆனால் அவள் சொன்னதை நம்புவதற்கு மருந்து வேண்டுமா? அவள் பொய்க்காரியாகச் சாகாமல் இருந்திருப்பாளே!

சில மாதம் கழித்து முனியம்மா இளைய மகளோடு வந்தாள். அதே தாய்மாமனுக்கு இவளைப் பேசியிருந்தார்கள். பெண்ணின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன். வளையம் இல்லை. கையை நீட்டச் சொன்னேன். நடுக்கமும் இல்லை. எனக்கு நிம்மதியா வந்தது? வாயை மூடிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்தது.

முனியம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "கல்யாணத்துக்கு முன்ன பூவாடை கும்புடணும் ஐயா. செத்துப்போன பொண்ணுக்குப் புதுப் புடவ வச்சுப் படைக்கணுமில்ல... பெத்தவங்கள ஏமாத்திட்டுச் செத்தவளுக்கு என்னாத்துக்குப் படையல்னு அவுங்கப்பா சொல்றாரு. அஞ்சல நடிச்சது நெசந்தானே ஐயா?"

அவள் கண்கள் என்னைக் கெஞ்சின. எந்தப் பதிலுக்கு? இல்லை என்றால் அந்தக் கரண்டிக் காம்பு அவளை ஆயுசுக்கும் சுடும். ஆமாம் என்றால்...

"ஆமாம்மா" என்றேன்.

பெற்றவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்று நீங்கள் நினைக்கலாம். வேண்டாம். அவள் கேட்ட மாத்திரத்தில் என் மனம் ஓடியது அவளிடம் அல்ல, வாசலில் தொங்கிய என் பெயர்ப்பலகையிடம்!

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்தார்கள். போனேன். யுத்தத்தால் துணிக்குக் கன்ட்ரோல் வந்து, அளந்துதான் கிடைத்த நாட்கள். எங்கேயோ அலைந்து வாங்கி வந்த புது வேட்டியைத் தாம்பூலத் தட்டில் வைத்து, "எங்க டாக்டரு" என்று முனியம்மா என் முன்னால் நீட்டினாள்.

அஞ்சலைக்குப் புடவை வைக்கவில்லை. நான் வேட்டியை வாங்கிக்கொண்டேன்.