குறைக்காமல் விட்ட ஊசி

அப்பா முப்பது வருஷம் கடை கடையாகப் போய்த் தராசு பழுது பார்த்தவர். ஒரு கிராம் பிசகினாலும் அவருக்குத் தூக்கம் வராது. சர்க்கரை நோய்க்காக மாவுச்சத்தைக் குறைத்து நான் ஓர் உணவு அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அதன்பிறகு ரொட்டித் துண்டைக்கூட எடை போட்டுத்தான் தின்றார்.

மூன்றாம் வாரம் ரத்தச் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுப் போனில் சிரித்தார்.

"அறுபத்தெட்டுடா! இந்த வீட்டுல இறங்குறது இது ஒண்ணுதான்."

"சூப்பர்ப்பா, அப்படியே விடாம பிடிங்க."

சர்க்கரை எழுபதுக்குக் கீழே போவதே ஆபத்து. சாப்பாடு குறைந்தும் அவர் தினமும் போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியின் அளவு பழையபடியே இருந்தது. டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் தீயையும் குறை என்று ஆட்களைத் தினமும் திட்டுகிற பொறியாளர் நான். நான்கு நாள் கழித்து, ஒரு கடையில் தராசைத் திறந்து வைத்தபடியே அப்பா மயங்கி விழுந்தார். பிறகு எழவில்லை.

சாவு வீட்டில் அத்தை மூக்கைச் சிந்தினாள்.

"பட்டினி போட்டே எங்கண்ணனைக் கொன்னுட்டியேடா, படிச்ச மடையா!"

"சாப்பாட்டுல தப்பில்ல அத்தை, அட்டவணை சரியாத்தான்..." என்று ஆரம்பித்தேன். அப்பா கிடக்கும்போதும் என் அட்டவணையைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று உறைத்ததும் எனக்கே என்மேல் அருவருப்பு வந்தது.