பூஜையில் வைத்த ஃபயர்வால்

திருடன் வராத வரைக்கும் பூட்டு தண்டச் செலவு என்று நினைப்பவர்களிடம் பூட்டு விற்பதுதான் எங்கள் தொழில். புனேயில் சின்ன ஆபீசுகளுக்கு ஃபயர்வால் பொருத்துகிறேன். இதே தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: வெளியிலிருந்து வரும் இன்டர்நெட்டைச் சலித்து உள்ளே விடும் பெட்டி அது.

மொய்

புனேக்குப் பக்கத்தில் சாகணில் கார் பாகங்களுக்கு டிராயிங் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார் சுப்பிரமணி அண்ணா. கோயமுத்தூர்க்காரர். ஃபயர்வால் இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது என்று கார் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. அந்த ஆர்டர் போனால் ஆபீசையே மூட வேண்டியதுதான்.

அவருக்குக் கட்டுப்படியாகும் பெட்டியாகத் தேடிப் பிடித்தேன். புதுப்புது வைரஸ்களை அது அடையாளம் காண வேண்டுமானால் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்றேன். அண்ணா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங் தம்பி, பூட்டு வாங்குனா வருசா வருசம் பூட்டுக்கடைக்காரனுக்கு மொய் எழுதோணுமா?"

மத்தியான சீரியல்

பெட்டியை மாட்டியதும், ஆபீசில் யாரும் வீடியோ பார்க்க முடியாதபடி செய்யச் சொன்னார். செய்தேன். மறுநாள் பாணேரில் ஒரு ஆபீஸ் மேஜைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது அண்ணாவின் போன். மத்தியான சீரியல் வரவில்லையாம்.

"நீங்கதானே அண்ணா தடுக்கச் சொன்னீங்க?"

"வேலை செய்யறவங்களுக்குத்தானுங் தம்பி சொன்னேன். எனக்கு ஏதுங் வேலை?"

லீவு

கார் கம்பெனியிலிருந்து சோதனைக்கு ஒரு மராத்தியர் வந்த அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார் அண்ணா. ஆயுத பூஜை முடிந்து சில வாரம் ஆகியிருந்தது. ஃபயர்வாலுக்குச் சந்தனம், குங்குமம், காய்ந்துபோன சாமந்தி மாலை. விளக்குகள் பச்சைப்பசேலென்று எரிந்தன. வந்தவர் பயபக்தியோடு பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்பக்கம் எட்டிப் பார்த்தார். கரண்ட் ஒயரைத் தவிர ஒரு கேபிளும் இல்லை. இன்டர்நெட் கேபிள் பெட்டியைத் தொடாமலே நேராக ஆபீசுக்குள் போயிருந்தது.

அண்ணா கொஞ்சமும் அசராமல் என்னிடம் சொன்னார்: "பூஜையில வெச்சதை அன்னிக்கு வேலை வாங்கலாமுங்களா? அவசரமா டிராயிங் அனுப்ப வேண்டியிருந்துச்சு, நேரா சொருகிட்டோம்." பிறகு திரும்ப மாற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

நான் அவசரமாகக் கேபிள்களை மாட்டினேன். மராத்தியர் பெருமூச்சு விட்டு, அடுத்த வாரம் மறுபடி வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். ஆர்டர் அப்போதைக்கு மயிரிழையில் தப்பியது. அவர் தலை மறைந்ததும் அண்ணா என் தோளில் கை போட்டார். "பாத்தீங்களா தம்பி, இத்தனை நாள் அது லீவுல இருந்தும் ஒரு திருடன் வரலீங்க. அப்புறம் எதுக்குங் வருசா வருசம் புதுப்பிக்கோணும்?"

சின்ன ஆபீசுக்கு எந்த ஃபயர்வால் நல்லது என்று கேட்பவர்களுக்கு என் பதில்: முதலாளியிடமிருந்து ஆபீசைக் காப்பாற்றுவதுதான், ஆனால் அது இன்னும் கடைக்கு வரவில்லை.