முடிச்சு அவிழாத கயிறு

வேலையில் இருந்த காலம் முழுவதும் பிறருக்குப் பாதுகாப்பு விதிமுறை சொன்னவன் நான். தொடைகள் வலுவிழந்து படியேறத் தடுமாறியதால், தசைநோயா என்று பார்க்க எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொன்னார் மருத்துவர். ஸ்கேன் அறைக்கு வெளியே, யாரும் சொல்லுமுன்பே கடிகாரம், மோதிரம், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

"உடம்புல வேற மெட்டல் இல்லையே, அங்கிள்?" என்றார் ஸ்கேன் எடுக்கும் பெண்.

"எனக்கே சொல்லித் தர்றியாம்மா?" என்றேன்.

மருத்துவமனை அங்கியின் நாடாவைக் கட்டிவிடும்போது அவர் கை என் இடுப்பில் தட்டியது. "இது என்ன லா? உள்ளே போயிருந்தா சூடாகிச் சுட்டிருக்கும், அங்கிள்!"

அரைஞாண் கயிறு, அதில் செம்புத் தாயத்து. மறைந்த என் மனைவி தன் கடைசித் தீபாவளிக்குக் கட்டிவிட்டது. உடம்போடு ஒன்றாகிவிட்டதில் மறந்தே போயிருந்தேன்.

அவர் கத்தரிக்கோலை எடுத்தார். "வெட்டாதம்மா, அவ போட்ட முடிச்சு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கீழே தள்ளிப் பார்த்தேன். மெலிந்த தொடைகளைத் தாண்டி, முடிச்சு அவிழாமலே கழன்று வந்தது. ஸ்கேனுக்கு முன்பே பாதி முடிவு தெரிந்துவிட்டது.

தசைநோய் இல்லையாம். தசை மெலிந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்திருப்பதைப் படத்தில் காட்டி, பயிற்சி செய்தால் தேறலாம் என்றார் மருத்துவர்.

இப்போதெல்லாம் இடுப்பைத் தடவிப் பார்த்த பிறகே 'உடம்பில் மெட்டல் இருக்கிறதா' போன்ற கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். காலையிலும் மாலையிலும் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து பழகுகிறேன். அவள் கட்டிய கயிறு மறுபடி என் இடுப்பில் நழுவாமல் நிற்க வேண்டும்.