பூந்தமல்லிப் பொடியும் கையில் கட்டிய காப்பும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதம், அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் அம்மன் கோயில் வாசலில் நடந்தது இது. அன்றைக்குப் பாதி ஊர் என் காலில் விழுந்தது. அதற்கு நான் லாயக்கானவள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

நான் பிறந்து வளர்ந்தது ஆவடியில், குவார்ட்டர்ஸில். அப்பாவுக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகி வந்து சேர்ந்தது இந்த ஊரில், தலைமுறை தலைமுறையாகப் பயிர் வைத்த குடும்பத்தில். நிலத்தில் பாதி பிளாட்டாகிவிட்டது. மீதியில் கீரையும், கொட்டகையில் இரண்டு எருமையும் இருந்தன. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினார். நான் அதே எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட். எனக்குச் சும்மா உட்காரவே தெரியாது. டைப் அடிக்கும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்று கூட வேலை பார்த்தவர்கள் கிண்டல் செய்வார்கள்.

கல்யாணமான மறு வருடம் விரல்களில் ஆரம்பித்தது வலி. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. பால் சொம்பைத் தூக்க முடியாது, புடவைக் கொசுவத்தைப் பிடிக்க முடியாது. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். விரல் வீக்கத்தையாவது நாலு பேரிடம் நீட்டிக் காட்டலாம். அதற்குப் பிறகு வந்ததுதான் மோசம். தோள், கழுத்து, முதுகு, தொடை என்று உடம்பு முழுக்க ஒரு வலி. ஓர் இடத்தில் நிற்காது, காலையில் தோளில் இருக்கும், சாயந்திரம் இடுப்புக்கு வந்துவிடும். வீக்கமும் கிடையாது, சிவப்பும் கிடையாது. தூங்கி எழுந்தால் யாரோ இரவெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் படுக்கத் தோன்றும், படுத்தால் எந்தப் பக்கம் புரண்டாலும் குத்தும். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன்.

அம்பத்தூர், ஆவடி, திருமுல்லைவாயில் என்று நான் ஏறாத கிளினிக் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். ஒருவர் கால்சியம் கொடுத்தார். ஒருவர் டானிக் எழுதினார். இன்னொருவர் என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து, "ஒரு குழந்தை பொறந்தா எல்லாம் சரியாயிடும் சார்" என்றார். வந்த கோபத்துக்கு மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டை எடுத்திருப்பேன், விரல் மடங்கவில்லை. வேலையையும் விட வேண்டியதாயிற்று. டைப்ரைட்டரில் ஒரு கடிதம் முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்தால் எந்த முதலாளி வைத்துக்கொள்வார்?

வீட்டில் அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நான் வலி வலி என்பது பாதி புரியும், பாதி புரியாது. கெட்டவர் இல்லை. ஆனால் நாற்று நட்டே இடுப்பு வளைந்தவர். "எனக்கு நோவாத ஒடம்பாம்மா இது? நோவ நோவத்தான் வேல செய்யணும்" என்பார். நான் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஆனால் பொடியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். அவர் பால் ஊற்றும் வீட்டில் யாரோ சொன்னார்களாம், பூந்தமல்லியில் ஒரு வைத்தியர், மூட்டுவலிக்குக் கைகண்ட மருந்து என்று. காலையிலேயே பஸ் பிடித்துப் போய், வரிசையில் நின்று, செய்தித்தாளில் மடித்த பொட்டலங்களோடு திரும்பினார். பழுப்பு நிறப் பொடி. தேனில் குழைத்துக் காலையிலும் மாலையிலும் சாப்பிட வேண்டும். கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்று பத்தியம்.

இரண்டே நாளில் விரல் மடங்கியது. பொய் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் கிணற்றில் தண்ணீர் சேந்தினேன், ஜமுக்காளத்தைத் துவைத்து உதறினேன், எருமைக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்று அடம்பிடித்தேன். பசி எடுத்தது பாருங்கள், அப்படி ஒரு பசி. கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டு வந்தது. தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "இப்பதாம்மே பாக்க லட்சணமா கீற" என்றார்கள். ஆவடியிலிருந்து வந்த என் அம்மா, மாமியார் வீட்டுச் சோறு ஒட்டுகிறது என்று பூரித்துப் போனாள். ஆள் கொழுகொழுவென்று ஆனால் குணமாகிவிட்டாள் என்று எடுத்துக்கொள்வதுதானே நம் வழக்கம்? கண்ணாடியில் என் முகம் வட்டமாக, யாரோ மாதிரித் தெரிந்தது. கையில் லேசாக இடித்துக்கொண்டாலும் கன்றிப்போனது. வலி இல்லையே, வேறென்ன வேண்டும் என்று இருந்துவிட்டேன். அப்படியே பல மாதங்கள் ஓடின.

அத்தை முன்பே அம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தாராம். மருமகளுக்குக் கை கால் நோவு தீர்ந்தால் அவளைத் தீ மிதிக்க வைக்கிறேன் என்று. ஆடி வந்தது. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு கோத்து என் மணிக்கட்டில் காப்பு கட்டினார்கள். காப்பு கட்டியவர்கள் தீ மிதித்து முடிக்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மருந்தும் தொடக் கூடாது, அம்மாவே மருந்து. அதனால் பொடியை நிறுத்தினேன். குணமாகிவிட்டதே, இனி எதற்கு என்றுதான் எனக்கும் தோன்றியது.

அடுத்த நாளே உடம்பு துவண்டது. எழுந்தால் கண் இருட்டியது. குடித்த கூழ் தங்கவில்லை. வலி, விட்ட இடத்திலிருந்து வட்டியோடு திரும்பி வந்தது. விரதக் களைப்பு என்றார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு, ஈரப் புடவையோடு கோயிலைச் சுற்றி வந்தேன். உள்ளுக்குள் ஒரு பதற்றம் மட்டும் அடங்கவே இல்லை. எதையோ அடுப்பில் வைத்து மறந்துவிட்டு வந்தது போல நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது.

கரகம் புறப்படும் சாயந்திரம். பம்பையும் உடுக்கையும் முழங்குகின்றன. பெண்கள் கூட்டத்தில் முன்னால் நின்றிருந்தேன். திடீரென்று காது அடைத்தது. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் முன்னும் பின்னும் ஆடியிருக்கிறேன். உடனே யாரோ, "அம்மா வந்துட்டா, வழி வுடுங்க" என்று கத்தினார்கள். குலவை கிளம்பியது. பம்பைக்காரர்கள் என் முகத்துக்கு நேரே வந்து இன்னும் வேகமாக அடித்தார்கள். மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாகத் தலையில் ஊற்றினார்கள். வாய் நிறைய வேப்பிலையைத் திணித்தார்கள். நான் முடியல, முடியல என்று முனகினேன். "இன்னா தாயி முடியல? இன்னா கொற வச்சோம் ஒனக்கு?" என்று ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பெண் என் காலைக் கட்டிக்கொண்டு, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று அழுதாள். எனக்கு எல்லாம் கேட்டது. பேச்சுதான் வரவில்லை. இவர்கள் கும்பிடக் கும்பிட நான் செத்துப்போய்விடுவேன் என்று தெளிவாகத் தெரிந்தது. அந்தப் பயம் இன்றும் போகவில்லை.

அத்தையும் அந்தக் கூட்டத்தில் கை கூப்பித்தான் நின்றாராம். வேண்டுதல் அவருடையது, பெருமையும் அவருடையது. என் நெற்றியில் விபூதி வைக்க வந்தவர், கையைத் தொட்டுப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மேளத்த நிறுத்து" என்றார். யாரும் நிறுத்தவில்லை. இரண்டாம் முறை அவர் போட்ட சத்தத்தில் பம்பை நின்றுவிட்டது.

"சாமி வந்தா ஒடம்பு நெருப்பா கொதிக்கும். இவளுக்கு சில்லுனு கீது. இது சாமி இல்ல, எம் மருமவ" என்றார்.

பூசாரிக்குக் கோபம். காப்பு கட்டின உடம்பை எல்லை தாண்டி எடுத்துப் போனால் ஊருக்கே ஆகாது என்றார். ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உண்மையாகவே பயந்தார்கள். என் கணவர் அவர்கள் முகத்தையும் தன் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தை ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் அறுக்க வைத்திருந்த கத்தியை எடுத்து, என் கையிலிருந்த காப்பை அறுத்தார். அதை அம்மன் எதிரில் வைத்தார். "குத்தம்னா எந்தலமேல வரட்டும். டேய், தூக்குடா அவள" என்று மகனை அதட்டினார்.

திருவிழாவுக்கு வந்திருந்த மைக் செட் டெம்போவில்தான் என்னைப் போட்டார்கள். எல்லைக் கல்லைத் தாண்டும்போது அத்தை என் தலையை மடியில் அழுத்திப் பிடித்தபடி ஏதோ முணுமுணுத்தார். வேண்டுதலா, மன்னிப்பா, எனக்குத் தெரியாது.

அம்பத்தூரில் ஒரு நர்சிங் ஹோம். அங்கிருந்த பெண் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாராம். என் வட்ட முகத்தையும் கையில் இருந்த கன்றல்களையும் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு என்ன நாட்டு மருந்து சாப்பிட்டுச்சு? எப்ப நிறுத்துச்சு?" என்று கேட்டாராம். என் கணவர் தடுமாற, அத்தைதான் பொடியைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். ஊசி ஏறியது, பாட்டில் பாட்டிலாக மருந்து இறங்கியது. பிழைத்தேன்.

பிறகு டாக்டர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை இடித்துக் கலந்துவிடுகிறார்களாம். வலி பறந்துவிடும். ஆனால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் சோம்பிப் போய்விடும். திடுமென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும். அத்தை நடையில் போய்ச் சுவரோடு உட்கார்ந்துகொண்டார். "நாந்தான் வாங்கியாந்து குடுத்தேன்" என்பதைத் தவிர அன்று முழுக்க வேறு பேச்சில்லை.

அங்கிருந்து பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேதான் முதல் முறையாக என் வலிக்குப் பெயர் கிடைத்தது. ஒன்றல்ல, இரண்டு. விரல்களில் இருப்பது மூட்டுவாதம். உடம்பெல்லாம் அலைவது ஃபைப்ரோமயால்ஜியா. எக்ஸ்ரேயிலும் ரத்தத்திலும் அகப்படாது, ஆனால் நிஜமான வலி என்றார் டாக்டர். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. இரண்டுமே அடியோடு போகாது, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அது மண்டையில் ஏறச் சில நாள் ஆனது.

டாக்டர்களே ஸ்டீராய்டை மாத்திரையாகக் கொடுத்து மெல்ல மெல்லக் குறைத்தார்கள். குறையக் குறைய வலி வந்து தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் அத்தையிடம் கத்தினேன். "அந்தப் பொடியில ஒரே ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க அத்தை. செத்தா செத்துட்டுப் போறேன்." அவர் எழுந்து உள்ளே போனார். புடவை மாற்றிக்கொண்டு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாசலையே பார்த்துக்கொண்டு புரண்டேன். பூந்தமல்லி பஸ் ஏறியிருப்பார், இறங்கியிருப்பார், வரிசையில் நிற்பார் என்று மனம் கூடவே ஓடியது.

அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். பையில் தவிடு இருந்தது.

"நான் பூந்தமல்லிக்குப் போவல. ரைஸ் மில்லுக்குப் போயாந்தேன்" என்றார். வாணலியில் தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இன்னிக்கி எங்க நோவுது? தோளா, தொடையா? எடத்த காட்டு."

நான் காட்டினேன். கோபத்தோடுதான் காட்டினேன். அவர் ஒத்தடம் கொடுத்தார். வலி போகவில்லை, ஆனால் கொஞ்சம் தூங்கினேன்.

அதன் பிறகு தினமும் காலையில் வெந்நீர் வைத்துவிட்டு வந்து அதே கேள்வியைக் கேட்பார். பதிலைப் பொறுத்து அன்றைய வேலை மாறும். கை என்றால் அம்மி அவருக்கு, கால் என்றால் கடைக்குப் போவது என் கணவருக்கு. ரொம்ப நேரம் உட்காராதே, ரொம்ப நேரம் நிற்காதே, தினம் கொஞ்சம் நட என்று டாக்டர் சொன்னதை ஏரிக்கரையில் என்னோடு நடந்தே நிறைவேற்றினார். ஊரில் அவரைச் சும்மா விடவில்லை. எந்த வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் காப்பை அறுத்ததைச் சொல்லிக் காட்டினார்கள். காதில் விழாதது போல் போய்விடுவார்.

அத்தை காலமாகி வருடங்கள் ஆகின்றன. வலி இன்னும் என்னோடுதான் இருக்கிறது, இதை எழுதும்போதும் நாலு முறை எழுந்து நடந்துவிட்டேன். வலி போய்விட்டதா என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். இல்லை என்றதும் அவர்கள் முகம் வாடும், நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டும். அது போகாது என்று தெரிந்த பிறகும், ஒரு நாள் விடாமல் வந்து இன்னிக்கி எங்க என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அந்தக் கேள்வியில் கிடைத்த நிம்மதியை எந்த மாத்திரையும் எனக்கு இதுவரை கொடுக்கவில்லை.