நான் மாற்றிவைத்த கொலைகாரர்கள்

பூனை துப்பறியும் நாவல் படிக்கிறேன் என்றால் படித்தவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முப்பது வருஷம் மன்னார்குடியில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். கனமான புத்தகங்கள் அலமாரியில் தூசி குடித்துக்கொண்டிருக்க, என் கையில் இருப்பதெல்லாம் இந்தக் கதைகள்தான். வெளிநாட்டில் ஒரு சின்ன ஊர், அங்கே ஒரு கொலை, தனியாக வாழும் ஒரு பெண், அவளுடைய பூனை. போலீசுக்குப் புலப்படாதது பூனைக்குப் புலப்படும். கடைசியில் கொலைகாரன் மாட்டுவான், பூனைக்கு மீன் கிடைக்கும். ஒரு மத்தியானத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் பழைய புத்தகக் கடையில் கிடைப்பதை எல்லாம் வாங்கி, தான் படித்துவிட்டு எனக்கு அனுப்புவாள்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். அறுவடையான நெல்லைத் தார்ச்சாலையில்தான் காயவைக்கிறோம். தப்புதான். பஸ் டிரைவர் திட்டுவதும் நியாயம்தான். ஆனால் ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், ஊர்க் களத்திலோ எல்லோருக்கும் இடம் பற்றாது. காய்கிற நெல்லுக்கு ஒரு ஆள் காவல் இருக்க வேண்டும். ஆடு வாய் வைக்கும், மணிக்கு ஒருமுறை காலால் கிளறிவிட வேண்டும். எங்கள் நெல்லுக்கு அடுத்து என் கணவருடைய அண்ணன் வீட்டு நெல் காயும். அதற்குக் காவல் அண்ணன் மனைவி, என் ஓரகத்தி. நான் அவரை அக்கா என்பேன். அவர் என்னை டீச்சர் என்பார். அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

அக்கா எட்டாவதோடு நின்றவர். ஆங்கிலம் தெரியாது. புளியமர நிழலில் நான் சிரித்துக்கொண்டே படிப்பதைப் பார்த்து ஒருநாள், "தனியா சிரிச்சா ஊர்ல வேற மாதிரி பேசுவாங்க. என்னன்னு எனக்கும் சொல்லு" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு பக்கத்தைப் படிப்பேன், தமிழில் சொல்வேன். அக்காவின் கேள்விகள் என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் கேட்காதவை. அந்தப் பூனைக்கு டப்பாவில் அடைத்த மீனா, அது எப்படி இறங்கும்? ஆள் செத்துக் கிடக்கும்போது அந்தம்மா எப்படி உட்கார்ந்து கேக் சுடுகிறாள்? எங்கள் வீட்டுப் பூனை நெல் குவியலின் ஓரத்தில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கும். அதுவும் தூங்காமல் கேட்டதாக அக்கா சத்தியம் செய்வார்.

முதல் புத்தகத்தில் பாதி கூட வரவில்லை. "அந்த ரொட்டிக் கடைக்காரன்தான் செஞ்சிருக்கான்" என்றார் அக்கா.

"எப்படிக்கா சொல்றீங்க?"

"எல்லார் காலையும் உரசுற பூனை, அவன் வந்தா மட்டும் நாற்காலி மேல ஏறிக்குது. கேக்குறப்பவே எங்கேயோ இடிக்குதுல்ல?"

ரொட்டிக் கடைக்காரன்தான். இரண்டாவது புத்தகத்தில் கிளி வந்தது, அதிலும் அக்கா சொன்ன ஆளேதான். "சரிதாங்க அக்கா" என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெட்கத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. எழுந்துபோய், தேவையே இல்லாமல் இரண்டு வீட்டு நெல்லையும் கிளறிவிட்டு வந்தார்.

எனக்கோ வயிறு எரிந்தது. ஒளிப்பானேன்? நான் எம்.ஏ. இந்த மாதிரிக் கதைகளில் ஐம்பதாவது முடித்தவள். கடைசி அத்தியாயம் வரை எனக்குப் பிடிபடாதவனை இந்த அம்மாள் நெல் கிளறிக்கொண்டே பிடிக்கிறார். மூன்றாவது புத்தகத்தில் அவர் தபால்காரர் என்றார். சரியாகத் தபால்காரரேதான். நான் பக்கத்தைப் பார்த்தபடியே, "இல்லீங்க அக்கா, வக்கீலு" என்றேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காரணத்தை எல்லாம் நானே ஜோடித்தேன், வக்கீலுக்கு ஒரு பழைய பகையைக்கூட உண்டாக்கினேன். "அப்படியா, நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார் அக்கா.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நானும் நினைத்தேன். நான்காவது புத்தகத்தில் மாற்றவில்லை. ஐந்தாவதில் மாற்றினேன். ஆறாவதில் அக்கா முன்போலச் சட்டென்று சொல்லவில்லை. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "அந்த நூலகத்துப் பொம்பளையோ என்னமோ. பூனை முடி ஒத்துக்காதுங்குறா, ஆனா பூனை வந்துபோற ஜன்னலத் திறந்தே வெச்சிருக்கா. எனக்கு எங்க தெரியும், நீயே சொல்லு" என்றார். அவர் குரல் இறங்கிப்போனதைக் கவனித்தேன். கவனித்தும், தோட்டக்காரன் என்று சொன்னேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

அடுத்த நாள் மத்தியானம் சாலையோரத்தில் உட்கார்ந்திருந்தபோது மகள் வீடியோவில் கூப்பிட்டாள். அக்காவுக்கு எந்தக் கதை சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். அக்காவிடம் போனைக் கொடுத்தேன்.

"பெரியம்மா, கதை முடிஞ்சுதா? அந்த லைப்ரரிக்காரம்மாதான் கொலை பண்ணினாங்கன்னு நீங்க எதிர்பார்த்தீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தார். மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்டார், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், போனைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு அவர்கள் நெல்லின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று நாள் அப்படியே போனது. நான் டீ கொண்டுபோனால், "வேணாங்க, இப்பதான் குடிச்சேன்" என்றார். வாழ்க்கையில் ஒரு தடவைகூட அவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. என் கணவரிடம் சொன்னேன். "கதைதானே, இதுக்குப் போய்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலையை விட்டபின் எனக்கென்று இந்த ஊரில் வாய்த்த ஒரே சிநேகிதியை நானே கெடுத்துக்கொண்டேன் என்று புரிந்தது.

நான்காம் நாள் மூன்று மணிக்கு மேற்கே கருத்துவிட்டது. மழை வந்தால் எங்கள் ஊரில் சண்டைக்கு விடுமுறை. யாருடைய நெல் என்று பார்க்காமல் எல்லோரும் எல்லாவற்றையும் குவிப்பார்கள். அக்கா பலகையால் தள்ள, நான் விளக்குமாற்றால் கூட்ட, ஒரு வார்த்தை இல்லாமல் இரண்டு வீட்டு நெல்லையும் ஒரே குவியலாகச் சேர்த்துத் தார்ப்பாயை இழுத்து மூடினோம். ஓரத்தில் வைக்கக் கல் போதவில்லை. காற்று தார்ப்பாயைத் தூக்கியது. வேறு வழியில்லாமல் இரண்டு பேரும் அதன் ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். குண்டாக இருப்பதன் பயன் அன்றுதான் தெரிந்தது.

"அக்கா, தப்பு பண்ணிட்டேங்க" என்றேன்.

அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கொல்லையில போர் போட்டப்ப, அந்த மூலையில உப்புத் தண்ணிதான் வரும்னு சொன்னேன். யாரும் கேக்கல. உப்புத் தண்ணிதான் வந்துச்சு. அப்பறமாவது நீ சொன்னது சரின்னு யாராவது சொன்னாங்களா? நீங்களும் அங்கதான் நின்னீங்க. இந்த வீட்டுக்கு வந்து நாப்பது வருஷம். சரின்னு ஒரு வாயில வந்தது உங்க பூனைக் கதையிலதான். அதையும் பிடுங்கிட்டீங்களே."

நான் அழுதேன். தூறல் விழத் தொடங்கியிருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. அக்காவுக்குத் தெரிந்தது.

"இந்த ஒண்ணுலதானா, இல்ல முன்னாடியும் மாத்துனீங்களா?" என்று கேட்டார்.

"மூணாவதுலயும் அஞ்சாவதுலயும் மாத்தினேங்க. தபால்காரரும் நீங்க சொன்ன அந்தச் சித்தியும்தான். நீங்க சொன்னதுதான் சரி."

"நாலாவது? நாய் வருமே, அது. டாக்டர்னு சொன்னேன், இல்லன்னுட்டீங்க."

இங்கேதான் தடுமாறினேன். நான்காவதில் அக்கா சொன்னது தப்பு. கொலை செய்தது செத்தவருடைய அண்ணன் மகள். ஆனால் ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன? ஆறுக்கு ஆறு. அவரிடமிருந்து எடுத்ததை வட்டியோடு கொடுத்தது போல இருக்கும், அந்த முகம் மலர்வதைப் பார்க்கலாம், புத்தகத்தைத் திறந்து சரிபார்க்க அவரால் முடியாது. ஆமாம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.

"அதுல நான் எதையும் மாத்தலீங்க அக்கா. நீங்க சொன்னதுதான் தப்பு. டாக்டர் இல்ல, அண்ணன் மகதான்."

சொன்னதும் பயமாகிவிட்டது. ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்திருக்கலாமோ என்று தோன்றியது. அக்கா தார்ப்பாயின் ஓரத்தைக் காலுக்கடியில் நன்றாக இழுத்துச் செருகினார். மழை வலுத்தது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்தேன்.

"அப்படின்னா மத்த அஞ்சும் நெசமாவே நான் கண்டுபிடிச்சதுதான்" என்றார்.